கப்பல் மாத்திரையும் அவர் மறைத்த மாத்திரையும்

போர்ட் பிளேரில் இருந்து சென்னைக்குக் கப்பலில் எத்தனை தடவை போயிருப்பேன் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. கல்யாணம் முடிந்து முதல் தடவை தீவுக்கு வந்தபோது மூன்று நாளும் வாந்திதான், பச்சைத் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. எதிர்ப் படுக்கையில் இருந்த ஒரு தெலுங்கு அம்மாள் சின்ன மாத்திரை ஒன்றைக் கையில் வைத்து, சைகையிலேயே விழுங்கச் சொன்னாள். விழுங்கினேன், தூங்கினேன், பிழைத்தேன். அன்றிலிருந்து அந்த மாத்திரை கைப்பையில் இல்லாமல் நான் துறைமுகத்துப் பக்கம் போனதே கிடையாது. நாங்கள் அதைக் கப்பல் மாத்திரை என்றுதான் சொல்வோம். அதன் உண்மையான பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மருந்துக் கடையில் போய், "நாளைக்குக் கப்பல்" என்றால் போதும், கடைக்காரர் கையே அந்த டப்பாவுக்குப் போய்விடும்.

கப்பல் கிளம்பி, பங்க் கிளாஸில் அவரவர் படுக்கையில் பெட்ஷீட் விரித்ததும் மாத்திரை வெளியே வரும். கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டு சுற்றுகிற மாதிரி ஆள் மாற்றி ஆள் சுற்றும். பெங்காலியா, மலையாளியா, என்ன வியாதி, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய், ஒரு கேள்வியும் கிடையாது. எலுமிச்சம்பழம், ஊறுகாய், மாத்திரை, இந்த மூன்றையும் யாரும் கேட்காமலே கொடுப்போம், யாரையும் கேட்காமலே வாங்கிப் போட்டுக்கொள்வோம். அதில் நான் கொஞ்சம் பெரிய மனுஷி. "ஆண்ட்டியைக் கேளுங்க, ஆண்ட்டிகிட்ட இருக்கும்" என்று நான்கு வரிசை தள்ளி இருந்தெல்லாம் வருவார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்.

அந்த மாத்திரையைத்தான் என் வீட்டுக்காரருக்கும் கொடுத்தேன். என் கையால்.

அவர் அரசாங்கப் பட்டறையில் வெல்டர். பழுதான படகுகளுக்குத் தகடு வைத்து ஒட்டுகிற வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கிரைண்டிங் மெஷினில் இருந்து ஓர் இரும்புப் பிசிறு பறந்து இடது கண்ணில் அடித்து, அந்தக் கண் போய்விட்டது. மிச்சம் இருந்த வலது கண்ணை வைத்துத்தான் அத்தனை வருஷமும் சர்வீஸ் போட்டார். சுனாமிக்குப் பிறகு உடைந்த படகுகள் படகுத் துறையில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அந்த இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றே இருந்ததில்லை. அதெல்லாம் ஓய்ந்து அவர் நிமிர்ந்தபோது, அந்த வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. முதலில் சோற்றில் கல் தெரியவில்லை, அப்புறம் படியில் கால் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, "ஒத்தைக் கண்ணு கேஸ், நாங்க கை வைக்கலை, மெயின்லேண்டுக்குக் கொண்டு போங்க" என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சர்வீஸ் இன்னும் நான்கு வருஷம் இருந்தது. அந்தக் கண் போனால் வேலை போகும். வேலை போனால்கூடப் போகட்டும், மனிதர் மிச்சக் காலத்துக்குச் சுவரைத் தடவிக்கொண்டு நடக்க வேண்டும். அந்த ஒரு கண்ணுக்காகத்தான் நாங்கள் கப்பல் ஏறினோம். சுனாமி வந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருக்கும்.

நான் அப்போது எப்படி இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழி முழுக்க அவர் தலையில் போய் விழும். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தார். பத்துபஸ்தியில் நாங்கள் இருந்த வாடகை வீடு பூகம்பத்தில் விரிசல் விட்ட அன்று, அந்த அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நானும் அவரும் ரோட்டுக்கு ஓடினோம். பிறகு கராச்சர்மாவில் வீடு பிடித்தோம். எனக்கு அங்கன்வாடியில் வேலை. காலையில் மாமியாரைத் துடைத்து, துணி மாற்றி, வாயில் கஞ்சி ஊட்டி, பஸ்ஸைப் பிடித்து, இருபது பிள்ளைகளுக்குக் கிச்சடி போட்டு, பாட்டுச் சொல்லிக் கொடுத்து, மறுபடி பஸ்ஸைப் பிடித்து, வந்து மறுபடி துணி. மாமியார் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியும் என் உடம்பை விட்டு அந்த அலுப்பு இறங்கவில்லை. தூங்கி எழுந்தாலும் அலுப்பு. கோயிலுக்குப் போனாலும் உட்கார இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். யாராவது சிரித்த முகமாக "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் எரிச்சல் எரிச்சலாக வரும்.

அதனால்தான் கண் முன்னால் நடந்த எதுவும் என் மண்டையில் ஏறவில்லை போலிருக்கிறது. மனிதர் ராத்திரியில் மூன்று தடவை, நான்கு தடவை எழுந்து பாத்ரூம் போவார். போனவர் சீக்கிரம் வர மாட்டார். "சர்க்கரையா இருக்கும், டெஸ்ட் எடுங்க" என்றேன். எடுத்தார், சர்க்கரை இல்லை. அதோடு விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் அந்த நடமாட்டம் குறைந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் புதிதாக ஒன்று ஆரம்பித்தது. நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்து, திரும்பப் பட்டறைக்குப் போகிற முதல் நாள் சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு வருவார். பொங்கல் லீவு முடிந்து போன அன்று, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பெஞ்சில் இருந்து சடாரென்று எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார் என்று கூட வேலை செய்கிறவர்கள் ஆட்டோவில் கொண்டு வந்து விட்டார்கள். "நாலு நாள் தின்னுட்டுத் தூங்கினா இப்படித்தான்" என்று நான் அவரைத்தான் திட்டினேன். அவர் ஒன்றும் பதில் பேசவில்லை. பதில் பேசாதது அவருக்கு வழக்கம், அதனால் அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கப்பலில் முதல் நாள் சாயங்காலமே கடல் சரியில்லை. நான் வழக்கம் போல அட்டையைப் பிரித்து இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டு அவர் பக்கம் நீட்டினேன்.

"எனக்கு வேண்டாம். நான் சும்மா படுத்துக்கறேன்" என்றார்.

"ஆமா, சும்மா படுத்து விடியவிடிய வாந்தி எடுங்க, நான் வாளி ஏந்திக்கிட்டு நிக்கிறேன். எனக்கு வேற வேலை இல்லை பாருங்க."

அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். வாங்கிப் போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் அலை இன்னும் அதிகம். இன்னொன்று கொடுத்தேன், அதையும் போட்டுக்கொண்டார்.

அன்று பதினொரு மணி வாக்கில் அவர் பாத்ரூமுக்கும் படுக்கைக்குமாக நடக்க ஆரம்பித்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு போவார், வருவார், உட்காருவார், மறுபடி போவார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். முகம் வியர்த்துக்கொண்டே இருந்தது. மதியம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் மெல்ல, "ஒண்ணுக்குப் போக மாட்டேங்குது" என்றார்.

எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. "சூடு புடிச்சிருக்கும். நேத்துல இருந்து தண்ணியே குடிக்கலையே நீங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் நீர்க்கடுப்புக்கு வேறு என்ன வைத்தியம் இருக்கிறது. கேன்டீனில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வாங்கி வந்து குடிக்க வைத்தேன். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுத்தேன். அவர் குடிக்கக் குடிக்க, வலியில் அவருக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வழி அடைத்துப் போன ஆளுக்கு மேலே மேலே தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அதை இன்று நினைத்தாலும் என் கையையே எனக்குப் பிடிப்பதில்லை. கடைசியில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "போதும்டி, செத்துருவேன் போலிருக்கு" என்றபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அவர் அப்படியெல்லாம் பேசுகிற ஆளே இல்லை.

கப்பலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி அறை உண்டு, ஒரு டாக்டரும் உண்டு. சின்ன வயது, தீவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. வீட்டில் வங்காளி, வெளியே ஹிந்தி, தமிழ்க்காரர்களைக் கண்டால் கொஞ்சம் தமிழ். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. என்னைத் திரைக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு டியூப் போட்டார். இரண்டு நிமிஷத்தில் என் வீட்டுக்காரர் விட்ட மூச்சு எனக்கு இந்தப் பக்கம் கேட்டது. பிள்ளை பெற்ற வலி அடங்கினால் வருமே, அப்படி ஒரு மூச்சு.

திரையை விலக்கிவிட்டு டாக்டர் கேட்டார், "அங்கிள், கோயி தவாயி? வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"நஹி" என்றார் இவர்.

"கப்பல் மாத்திரை மட்டும் கொடுத்தேன்" என்றேன் நான்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். எத்தனை கொடுத்தேன், எப்போது கொடுத்தேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் மறுபடி இவரிடம், குரலை இறக்கி, "அங்கிள், சச் போலோ, உண்மையைச் சொல்லுங்க. பேஷாப்புக்குத் தனியா மாத்திரை இருக்கா, இல்லையா? ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு?" என்றார்.

என் வீட்டுக்காரர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு, "இவளைக் கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்க" என்றார்.

"நான் எங்கே போகணும்? கடலுக்குள்ளயா?" என்றேன். நகரவில்லை.

பிறகு என் வீட்டுக்காரர் சட்டையின் உள்பைக்குள் கை விட்டு, பாலிதீன் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். கேப்ஸ்யூல் அட்டை. கூடவே நாலாக மடித்து நைந்துபோன ஆஸ்பத்திரிச் சீட்டு. மூன்று வருஷமாகச் சாப்பிடுகிறாராம். வீட்டில் வைத்தால் என் கண்ணில் படும் என்று பட்டறை லாக்கரில் வைத்து, தினம் மதியம் சாப்பிட்டதும் போட்டுக்கொள்வாராம். லீவு நாளில் லாக்கர் ஏது? மருந்தும் இல்லை. நான்கு நாள் விட்டுப்போய், ஐந்தாம் நாள் பழையபடி முழுசாக ஒன்றை விழுங்கினால் தலை சுற்றாமல் என்ன செய்யும் என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். நாட்கணக்கில் விட்டுப்போனால் டாக்டரைக் கேட்டுத்தான் மறுபடி ஆரம்பிக்க வேண்டுமாம். பொங்கல் லீவு முடிந்து அவர் விழுந்ததும், நான் திட்டியதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"உங்களுக்கு இதை எழுதிக் கொடுத்த டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?" என்று இவரைக் கேட்டார் கப்பல் டாக்டர்.

"எல்லாம் சொன்னாரு" என்றார் இவர். "தினம் ஒரே நேரத்துக்குச் சாப்பிட்டதுக்கு அப்புறம் போடணும். பிரிச்சுக் கொட்டக் கூடாது, கடிக்கக் கூடாது. படுக்கையில இருந்து மெதுவா எந்திரிக்கணும். சளி மாத்திரை, கப்பல் மாத்திரை எதுவும் கேக்காமப் போடக் கூடாது, ஒண்ணுக்கு அடைச்சிடும். எந்த டாக்டர்கிட்டப் போனாலும் இதைச் சொல்லணும்."

ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "அப்ப நான் கையில குடுத்தப்போ வாயைத் திறந்திருக்கலாம்ல?"

"வேண்டாம்னுதானே சொன்னேன். மேல சொன்னா ஏன்னு கேப்பே."

அந்தப் பிள்ளை டாக்டருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டார். ஆனால் கண் ஆபரேஷனுக்குப் போகிறோம் என்று நான் கடிதத்தைக் காட்டியதும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது. கேப்ஸ்யூல் அட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆண்ட்டி, இந்த மாத்திரை போடுறவங்களுக்குக் கண் ஆபரேஷன்ல கஷ்டம் வரும். கண்ணுக்குள்ள பாப்பாவைச் சுத்தி இருக்கிற திரை தளர்ந்துடும். கண் டாக்டருக்கு முன்னாடியே தெரியணும். ஸரூர் போல்னா, மறக்கவே கூடாது. அங்கிள் சொல்ல மாட்டார். நீங்க சொல்லணும்." கடிதத்தின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் இரண்டு வரி எழுதி, கீழே கோடும் போட்டுக் கொடுத்தார்.

மிச்சப் பயணம் அவர் இடுப்பில் சிறுநீர்ப் பையோடு கீழ்ப் படுக்கையில் கிடந்தார். நான் எதிர்ப் படுக்கையில் கிடந்தேன். பக்கத்து வரிசையில் இருந்து ஒரு பெண் வந்து, "ஆண்ட்டி, மாத்திரை இருக்கா?" என்று கேட்டாள். "வேற என்ன மருந்து சாப்பிடுறே?" என்று கேட்டேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். கையில் பையோடு மனிதரைப் பாத்ரூமுக்கு அழைத்துப் போவது, பையைக் காலி செய்வது, கழுவுவது. ஆறு வருஷம் செய்த வேலைதான், கை தானாகச் செய்தது. மறுபடியுமா, மறுபடியுமா என்று மனசு மட்டும் முனகிக்கொண்டே இருந்தது. அவர் மேல் பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். கோபமும் அசதியும்தான் இருந்தன.

சென்னையில் முதலில் சிறுநீரக டாக்டரிடம்தான் போனோம். நான் போனதும் போகாததுமாக, "இந்த மாத்திரை கண்ணுக்கு ஆகாதுன்னாங்க, இன்னையோட நிறுத்திடட்டுமா?" என்று கேட்டேன். உண்மையில் அட்டையைக் குப்பையில் போடுகிற எண்ணத்தில்தான் இருந்தேன். டாக்டர் பதறிப்போனார். "நீங்களா நிறுத்தாதீங்கம்மா. நிறுத்தினா மறுபடி அடைச்சுக்கும், மறுபடி டியூப். அதோட, இப்ப நிறுத்தினாலும் கண்ணுல இருக்கிற தளர்ச்சி போகாது, மாசக்கணக்குல இருக்கும். மாத்திரையை ஒழுங்காப் போடுங்க, கண் டாக்டர்கிட்ட ஒழுங்காச் சொல்லுங்க. அவ்வளவுதான் விஷயம்." ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று நேரத்தை மாற்றிக் கொடுத்தார். சில நாள் கழித்து டியூபை எடுத்தார்கள். தானாகப் போனது. அன்றைக்கு லாட்ஜில் நான் காபி வாங்கிக் கொடுத்தேன், என் வீட்டுக்காரர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில்தான் அவர் வாயைத் திறந்தார்.

"அந்த லெட்டரைக் காட்டாதே."

"ஏன்?"

"மாத்திரை விஷயம் தெரிஞ்சா ஆபரேஷன் பண்ண மாட்டேன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. அங்கேயும் கை விட்டாச்சு. இங்கேயும் விட்டா அப்புறம் எங்க போறது? நீ பேசாம இரு. நல்லபடியா முடியும்."

பயத்தில் பேசுகிறார் என்று தெரிந்தது. எனக்கும் அதே பயம்தான். இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து, முடியாது என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தால் என்ன செய்வது? சொல்லாமல் விட்டால், பத்துக்கு எட்டுப் பேருக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், யார் கண்டது? வழி முழுக்க இதே கணக்குதான். எனக்கு யோசிக்கவும் தெம்பு இல்லை. யாராவது வந்து இப்படிச் செய் என்று சொல்லிவிட்டுப் போனால் தேவலை என்று இருந்தது.

பெரிய ஹால். வரிசையாக நாற்காலி, எல்லார் கண்ணிலும் சொட்டு மருந்து. நர்ஸ் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். சர்க்கரை? இல்லை. பிரஷர்? இல்லை. ஆஸ்துமா? இல்லை. "வேற ஏதாவது மாத்திரை தொடர்ந்து சாப்பிடுறீங்களா, ஐயா?"

"ஒண்ணுமில்லம்மா" என்றார்.

அவள் பேனா கோடு போடக் குனிந்தது. எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. அங்கன்வாடியில் மதியம் பிள்ளைகள் கத்தும்போது எடுக்கிற குரல். "பொய்ம்மா! ஒண்ணுக்குப் போறதுக்கு மாத்திரை சாப்பிடுறார். மூணு வருஷமா. ப்ராஸ்டேட் வீக்கம். இந்தா லெட்டர், சிவப்புல எழுதியிருக்கு பாரு!"

ஹால் முழுக்கத் திரும்பியது. சொட்டு மருந்து விட்டு மூடியிருந்த கண்கள்கூடத் திறந்தன. என் வீட்டுக்காரர் காது மடல் வரைக்கும் சிவந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நர்ஸ் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, எழுந்து உள்ளே போனாள். அவள் திரும்பி வரும் வரைக்கும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திருப்பி அனுப்பிவிட்டால் இந்த மனிதர் என்னை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டார் என்று தெரிந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திருப்பி அனுப்பவில்லை. இரண்டு நாள் தள்ளி, பெரிய டாக்டரம்மா தானே செய்வதாக நாள் குறித்தார்கள்.

ஆபரேஷன் அன்று காலையில் என் வீட்டுக்காரருக்கு முன்னால் உள்ளே போனவர்கள் அரை மணிக்குள் வெளியே வந்தார்கள். பின்னால் போனவர்களும் வந்தார்கள். இவர் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் சாமியை எல்லாம் கும்பிடவில்லை, அவரைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். திட்டுகிற வரைக்கும் அழுகை வராது.

டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்தார். "நல்லபடியா முடிஞ்சுதும்மா. திரை தொளதொளன்னு நடுவுல சுருங்கி வந்துடுச்சு. தெரிஞ்சதனால கொக்கி தயாரா வெச்சிருந்தேன், போட்டுப் பிடிச்சுக்கிட்டேன்."

"தெரியாம இருந்திருந்தா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "உள்ளே போனதுக்கு அப்புறம் தெரிஞ்சிருக்கும். சில நேரம் சமாளிச்சிடுவோம். சில நேரம் முடியாது." என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மதியம் அவரைப் படுக்கையில் கொண்டு வந்து விட்டார்கள். வலது கண்ணில் கட்டு, இடது கண் ஏற்கெனவே இல்லை. மறுநாள் கட்டு அவிழ்க்கிற வரைக்கும் அவருக்கு முழு இருட்டு. டாக்டரம்மா சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போது, அதுவரை வராத அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

"மூணு வருஷம். ஒரே வீடு, ஒரே பாய். கட்டினவகிட்டச் சொல்றதுக்கு என்னங்க வெட்கம்? உங்க அம்மாவுக்கு நான் பார்க்காததா? அந்தக் கண்ணு போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

அவர் முகத்தைக் கூரைப் பக்கமே வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்க முடியாததனால்தான் சொல்ல முடிந்ததோ என்னவோ.

"வெட்கம் இல்ல. நீதானே சொன்னே."

"நான் என்ன சொன்னேன்?"

"அம்மா போய்ச் சேர்ந்த மறுநாள். அம்மா படுத்திருந்த துணியை எல்லாம் கல்லுல போட்டு அடிச்சுக்கிட்டு இருந்தே. நான் பக்கத்துல நின்னேன். 'இனிமே இந்த வீட்டுல இன்னொருத்தர் சீக்குன்னு படுத்தா, நேரா போய்க் கடல்ல இறங்கிடுவேன்'னு சொன்னே. அப்பவே எனக்கு இந்தத் தொந்தரவு ஆரம்பிச்சிருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி உங்கிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

அந்தத் துணிகளை அடித்தது ஞாபகம் இருக்கிறது. சோப்பு தீர்ந்து போய்ப் பாதியில் கடைக்குப் போனதுகூட ஞாபகம் இருக்கிறது. அந்த வார்த்தை ஞாபகத்தில் இல்லை. இன்று வரைக்கும் இல்லை. ஆனால் அது என் பேச்சுதான், எனக்குத் தெரியாதா? அந்த நாட்களில் அப்படி எத்தனையோ பேசியிருக்கிறேன், வாயில் வந்ததை எல்லாம். அடுத்த நிமிஷம் மறந்தும் இருக்கிறேன்.

"கோபத்துல சொன்னதுங்க அது" என்றேன்.

"நீ சொன்னாச் செய்யறவதானே" என்றார் அவர், சாதாரணமாக. "எனக்குப் பயமா இருந்துச்சு."

நான் அவர் போர்வையை இழுத்து விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் கையைத் துழாவினார். பாத்ரூம் போக வேண்டும் என்றார். மெதுவாக எழுப்பி உட்கார வைத்து, தலை சுற்றுகிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் தோளில் கை போட்டு அழைத்துப் போனேன். கதவைப் பாதி சாத்திவிட்டு வெளியே நின்றேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

"நேரமாகும்" என்று உள்ளே இருந்து சொன்னார். "நீ போய் உக்காரு."

"ஆகட்டும். நான் இங்கதான் நிக்கிறேன்" என்றேன்.